யார் செலவில் தனியார்?

தனியார் பள்ளிகளையும் தனியார் மருத்துவமனைகளையும் அனுமதிக்கலாமா, கூடாதா என்று விவாதிப்பவர்களில் பெரும்பாலோர், கல்வியும் மருத்துவமும் முதலில் அரசாங்கத்திடம்தான் இருந்தன, தனியார் பிற்பாடு உள்ளே நுழைந்தார்கள் என்ற எண்ணத்தோடு பேசுகிறார்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கதை தலைகீழானது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் எங்கள் பாட்டன்மார் கண்ட முதல் பள்ளியும் முதல் ஆஸ்பத்திரியும் கம்பெனிக்குச் சொந்தமானவை. நிலம் கம்பெனியுடையது, கூரை கம்பெனியுடையது, வாத்தியாருக்குச் சம்பளம் கொடுத்ததும் கம்பெனிதான். பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கவில்லை என்பது உண்மை. ஆனால் தோட்ட மேலாளரான துரை மனம் வைத்தால்தான் எதுவும் நடக்கும் என்ற நிலையில் இருந்த ஒன்றைப் பொதுப்பள்ளி என்றோ பொது மருத்துவமனை என்றோ யாரும் அழைக்க முடியாது.

கம்பெனியும் தானாக மனமிரங்கி அவற்றைக் கட்டிவிடவில்லை. பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த கூட்டரசு மலாய் மாநிலங்களில் 1912-ஆம் ஆண்டு வந்த தொழிலாளர் சட்டம், பள்ளி செல்லும் வயதுடைய பிள்ளைகள் 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று விதித்தது. சட்டம் எவ்வளவு கேட்டதோ அவ்வளவுதான் கிடைத்தது. பல தோட்டங்களில் ஒரு கொட்டகையே பள்ளியாயிற்று. கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ, தோட்ட எழுத்தரான கிராணியோ வாத்தியாரானார். நான்காம் வகுப்போடு பிள்ளைகள் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பதிலாக டிரசர் எனப்பட்ட மருத்துவ உதவியாளர் இருந்தார். எந்தக் காய்ச்சலுக்குப் போனாலும் வீட்டிலிருந்து கொண்டுபோன போத்தலில் அதே சிவப்பு மருந்தைத்தான் ஊற்றிக் கொடுப்பார் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். டிரசரைக் குறை சொல்வதற்கில்லை. நல்லவர்களும் கைராசிக்காரர்களும் அவர்களில் இருந்தார்கள். நான் கவனிக்கச் சொல்வது வேறொன்று. அந்த மருந்தைத் துரையின் வீட்டார் குடித்ததில்லை, அந்தக் கொட்டகையில் துரையின் பிள்ளை உட்கார்ந்ததில்லை. ஆகவே இரண்டும் எப்படி நடக்கின்றன என்பது முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவருக்குச் சொந்த வீட்டுக் கவலையாக ஒருநாளும் ஆகவில்லை.

விடுதலைக்குப் பிறகு எங்களுக்குக் கிடைத்த பெரிய சொத்து எது என்று கேட்டால், அரசாங்க கிளினிக் என்பேன். வெளிநோயாளிக்கு 1 ரிங்கிட், நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட், மூன்றாம் வகுப்பு வார்டில் ஒரு நாளைக்கு 3 ரிங்கிட் என்ற கட்டணத்தைக் கண்டு அயல்நாட்டு நண்பர்கள் நம்ப மறுப்பதுண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் காலியானபோதும், ரப்பர் போய் எண்ணெய்ப்பனையான செம்பனை வந்தபோதும், தாமான் எனும் பட்டணக் குடியிருப்புகளுக்குக் குடிவந்த எங்கள் சனங்கள் கையில் காசில்லாமல் நோயில் கிடந்து சாகாமல் இருந்ததற்கு அந்தக் கட்டணச் சீட்டே காரணம். இதைச் சொல்லாமல் தனியாரைப் பற்றி எதையும் சொல்வது நியாயமாகாது. அதே லயங்களில் இன்று குடியிருக்கும் வங்காளதேசத்துக்காரரும் இந்தோனேசியரும் அந்தக் கட்டணத்துக்கு உரியவர்கள் அல்லர், வெளிநாட்டவருக்கான பல மடங்குக் கட்டணத்தைக் கட்டுகிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பள்ளி விஷயத்தில் அவ்வளவு தெளிவான மாற்றம் ஏற்படவில்லை. ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்துடையது, ஆனால் தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பகுதி நிற்கும் நிலம் தோட்டத்துடையது அல்லது பள்ளி வாரியத்துடையது. நிலம் அரசாங்கத்துடையதாக இல்லாததால் அவை பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே நின்றுவிட்டன. கட்டட நிதி முழுதாக வராது, கூரை ஒழுகினால் பெற்றோர் ஆசிரியர் சங்கம் விருந்து நிகழ்ச்சி வைத்து நன்கொடை திரட்டும். 1957-இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530. மூடப்பட்டவற்றில் பல, தோட்டம் விற்கப்பட்டபோது அதோடு சேர்ந்து போனவை.

இங்கே ஒரு வாதத்துக்கு இடம் கொடுத்தாக வேண்டும். தனியாரைத் தடை செய்தால் பாதிக்கப்படுவது பணக்காரர்களின் பள்ளிகள் மட்டுமா? 1961-ஆம் ஆண்டு கல்விச் சட்டம் வந்தபோது, அரசாங்க உதவி வேண்டுமானால் பயிற்று மொழியை மாற்ற வேண்டும் என்ற நிபந்தனையை ஏற்காத சீன இடைநிலைப்பள்ளிகள் தனித்து நின்றன; இன்று 60-க்கும் மேற்பட்ட சீனத் தனியார் இடைநிலைப்பள்ளிகள் சமூகத்தின் பணத்தில் நடக்கின்றன. சமயப் பள்ளிகளில் பலவும் தனியார்தான். கெடா மாநிலம் பெடோங்கில் இருக்கும் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இந்தியர் சமூகத்தின் பெயரில் எழுந்த தனியார் நிறுவனம். எங்கள் ஊரில், மலேசிய இந்தியர் காங்கிரஸின் தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் முன்னின்று எழுப்பிய மகாத்மா காந்தி கலாசாலையை, மந்திரி சபைத் தீர்மானத்துக்காகக் காத்திருந்து யாரும் கட்டவில்லை. அரசாங்கம் ஒரு சமூகத்தை மறந்துவிடும்போது அந்தச் சமூகம் தன் பிள்ளைக்குத் தானே ஒரு கூரை போட்டுக்கொள்ளும் உரிமையை நான் ஒருபோதும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆகவே தடை வேண்டும் என்ற கட்சியில் நான் இல்லை.

ஆனால் அந்த உரிமையின் உண்மையான மதிப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1961-இல் சீனச் சமூகத்துக்கு இருந்த அதே சட்ட உரிமை எங்களுக்கும் இருந்தது. ஒரு தமிழ் இடைநிலைப்பள்ளிகூட எழவில்லை. எங்களுக்கு மொழிப்பற்று குறைவு என்று மேடைகளில் சொல்வார்கள்; நாளுக்கு இத்தனை ராத்தல் பால் என்று கூலி வாங்கியவரிடம் பள்ளி கட்ட உபரிப் பணம் எங்கிருந்து வந்திருக்கும் என்பதை மேடையில் யாரும் கேட்பதில்லை. தனியாரை அனுமதிப்பது என்பது, காசு உள்ளவர் கையில் கொடுக்கப்படும் சாவி. அந்தச் சாவியை வைத்துக்கொள்ளட்டும். ஆனால் வீட்டைக் கட்டிய செலவில் எவ்வளவு மற்றவர் தலையில் விழுந்தது என்று கேட்கும் உரிமை வெளியில் நிற்பவருக்கு உண்டு.

எங்கள் ஊர் மருத்துவமனையில் நிபுணர்கள் தங்கி வேலை பார்ப்பதில்லை. இருதயமோ மூட்டோ என்றால் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளி ஈப்போவுக்குத்தான் போக வேண்டும். என் அத்தைக்கு மூச்சு வாங்கத் தொடங்கியபோது அரசாங்கத்தில் இருதய ஸ்கேனுக்குத் தேதி மாதங்கள் தள்ளிக் கிடைத்தது. பிள்ளைகள் பயந்துபோய் அவரை ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். முன்பணம் கட்டும் முகப்பில் காப்புறுதி அட்டை இருக்கிறதா என்ற கேள்விதான் முதலில் வந்தது. நோய் என்ன என்பது இரண்டாவது. மேலே போனால், எங்கள் ஊர் அரசாங்க கிளினிக்கில் பல வருடம் அத்தைக்கு இரத்த அழுத்தம் பார்த்த தாதி அங்கே நிற்கிறார். "அக்கா, நீங்க எங்க இங்க?" என்று அவர் கேட்டார், அத்தையும் அதையே அவரிடம் கேட்டார். அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன், பிள்ளைகள் மூவர் படிக்கிறார்கள், சம்பளம் கூடுதல். அவரைப் பயிற்றுவித்தது யார்? ஸ்கேன் பார்த்த நிபுணரை உபகாரச் சம்பளம் கொடுத்துப் படிக்க வைத்து, அரசாங்க மருத்துவமனையில் வைத்து நிபுணராக்கியது யார்? கட்டாயச் சேவைக் காலம் முடிந்ததும் இந்த முதலீட்டின் பலன் அப்படியே இன்னொரு கணக்குப் புத்தகத்துக்கு மாறிவிடுகிறது; மாற்றியதற்கு எந்த விலையும் தரப்படுவதில்லை.

இதில் அரசாங்கமே பாதிக் குற்றவாளி. 2016 முதல் பயிற்சி டாக்டர்களை ஒப்பந்தத்தில் எடுத்து, நிரந்தர வேலை கிடைக்குமா என்ற தவிப்பிலேயே வைத்திருந்ததன் விளைவாகத்தான் 2021 ஜூலை 26-ஆம் தேதி, கோவிட் உச்சத்தில், அவர்கள் கறுப்பு உடையில் வார்டுகளை விட்டு வெளியே வந்து நின்றார்கள். உழைப்பவரைக் கதவருகே நிறுத்தி வைத்துவிட்டு, கதவு திறந்ததும் போய்விட்டார் என்று புலம்புவதில் பொருளில்லை.

முதலீட்டைப் பார்த்தாலும் "தனியார்" என்ற சொல் கொஞ்சம் தடுமாறுகிறது. நாட்டின் பெரிய தனியார் மருத்துவமனைக் குழுமங்களில் ஒன்றான கே.பி.ஜே., ஜொகூர் மாநில அரசின் நிறுவனமான ஜொகூர் கார்ப்பரேஷனிடமிருந்து வளர்ந்தது. 1981-இல் ஜொகூர் ஸ்பெஷலிஸ்ட் மருத்துவமனையோடு அது தொடங்கியது. பந்தாய், கிளெனிகல்ஸ் மருத்துவமனைகளை வைத்திருக்கும் ஐ.எச்.எச். நிறுவனத்தில் நாட்டின் முதலீட்டு நிறுவனமான கசானா பெரும் பங்குதாரர்; ஊழியர் சேமநிதி வாரியத்துக்கும் கணிசமான பங்கு உண்டு. அந்தச் சேமநிதியில் பால்மரம் வெட்டியவரின் மாதப் பிடித்தமும் இருக்கிறது. அதன் இலாபத்தில் அவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை சேமநிதி ஈவு வருகிறது என்பதை நான் மறுக்கவில்லை. அரசாங்கம் ஒரு கையால் பொது மருத்துவமனையை நடத்திக்கொண்டு, இன்னொரு கையால் அதன் போட்டியாளரிடம் இலாபம் எதிர்பார்க்கிறது என்பதைத்தான் சுட்டுகிறேன். 2007-இல் புத்ராஜெயா, செலாயாங் அரசாங்க மருத்துவமனைகளில், சலுகையின்றி முழுச் செலவையும் கட்டுபவர்களுக்கான முழுக் கட்டண நோயாளித் திட்டத்தைத் தொடங்கியபோது, இரண்டு கைகளும் ஒரே கட்டடத்துக்குள் வந்துவிட்டன.

இனி நான் தினமும் பார்க்கும் விஷயத்துக்கு வருகிறேன். கடைவீதியில் ஒரு கணக்கர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். மார்ச் பிறந்தால் வருமான வரிப் படிவம் நிரப்ப ஆட்கள் வருவார்கள். ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், மளிகைக் கடைக்காரர், ஈப்போவில் வேலை பார்க்கும் பொறியியலாளர் எனப் பலதரப்பட்டவர்கள். பிளாஸ்டிக் பையில் இரசீதுகளைப் போட்டுக் கொண்டுவந்து மேசையில் கொட்டுவார்கள். கல்வி, மருத்துவக் காப்புறுதிக்காக வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கும் வரிக் கழிவு முன்பு 3,000 ரிங்கிட், 2025 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து 4,000. கடும் நோய்க்கான மருத்துவச் செலவில் தனக்கும் துணைவருக்கும் பிள்ளைகளுக்குமாக 10,000 வரை கழிக்கலாம். கேட்பதற்கு எல்லாருக்கும் ஒரே சலுகை போலத் தோன்றும். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. 25 விழுக்காடு வரி கட்டுகிறவருக்கு அந்த 4,000 ரிங்கிட் கழிவு 1,000 ரிங்கிட்டை மிச்சப்படுத்துகிறது. 11 விழுக்காட்டில் இருப்பவருக்கு 440. மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் செம்பனைத் தோட்டத் தொழிலாளிக்கு வரியே வராது. ஆகவே அவருக்கு மிச்சமும் இல்லை. என் மேசைக்கு அவர் வருவதும் இல்லை.

வரியில் மிச்சமாகும் அந்த 1,000 ரிங்கிட் பொதுக் கருவூலத்துக்கு வந்திருக்க வேண்டிய பணம். அதாவது, ஒருவர் தனியார் மருத்துவமனைக்குப் போவதற்கான காப்புறுதிச் சந்தாவில் ஒரு பகுதியை, போக முடியாதவரும் சேர்ந்தே கட்டுகிறார். கம்பெனிகள் தங்கள் அதிகாரிகளுக்கு எடுத்துத் தரும் மருத்துவ அட்டைக்கும் இதே நியாயம். கம்பெனிக்கு அது கழிக்கத்தக்க செலவு, அதிகாரிக்கு வரியில்லாத வசதி. 2025 ஜூலையிலிருந்து தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 6 விழுக்காடு சேவை வரி விதித்தபோது, ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 60,000 ரிங்கிட்டுக்கு மேல் போனால்தான் வரி என்று கோடு கிழித்தார்கள். சீனத் தனியார் பள்ளிகளும் சிறு பள்ளிகளும் அடிபடாமல் இருக்க ஒரு கோடு தேவைதான். ஆனால் அந்த 60,000 ரிங்கிட், குறைந்தபட்சச் சம்பளக்காரர் ஒருவர் ஏறத்தாழ மூன்று ஆண்டு உழைத்து வாங்கும் பணம்.

தனியார் மருத்துவம் எங்களுக்கு உயிர் கொடுத்த இடத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் எழுதுவது ஒருதலைப்பட்சமாகிவிடும். 2019-ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி நாட்டில் வயது வந்த இந்தியர்களில் 10 பேரில் மூவருக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. அது முற்றிச் சிறுநீரகத்தில் போய் முடிகிறது. நாடு முழுவதும் 50,000-க்கும் மேற்பட்டோர் டயாலிசிஸில் இருக்கிறார்கள். இத்தனை பேருக்கும் நாற்காலி போட அரசாங்க மருத்துவமனைகளில் இடமில்லை. தனியார் மையங்களும் தொண்டு நிறுவன மையங்களும் இல்லாவிட்டால் சிறு பட்டணத்து நோயாளிகளில் பலர் இன்று உயிரோடு இருக்க மாட்டார்கள்.

அப்படியொரு தனியார் டயாலிசிஸ் மையத்துக்கு என் மாமாவை விடியற்காலையில் நான்தான் கொண்டுபோய் விடுவேன். உள்ளே போனதும் எடை பார்ப்பார்கள். இரண்டு சிகிச்சைகளுக்கு நடுவில் உடலில் தேங்கிய நீர் எவ்வளவு என்பது அந்த எடையில் தெரியும், முந்திய இரவு திருட்டுத்தனமாகக் குடித்த தேநீரும் தெரிந்துவிடும். இடது கையில் கயிறுபோல் புடைத்திருக்கும் நரம்பைத் தாதி விரலால் தொட்டு அதிர்வு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஊசி போடுவார். அப்புறம் நான்கு மணி நேரம். வாரத்துக்கு மூன்று முறை. மாமா தொழிற்சாலையில் வேலை பார்த்து, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்குச் சந்தா கட்டியவர் என்பதால் சொக்சோ செலவை ஏற்றுக்கொண்டது. இன்னொரு மூலையில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு அரசாங்கம் கட்டியது. பக்கத்து நாற்காலிக்காரர் தோட்டங்களில் குத்தகைக்காரரிடம் நாள் கூலிக்குச் செம்பனைக் குலை வெட்டியவர். குத்தகைக்காரர் அவருக்காக சொக்சோவும் கட்டவில்லை, சேமநிதியும் கட்டவில்லை. பிள்ளைகள் பங்கு போட்டுக் கொடுத்த பணம் சில மாதங்களில் இழுபறியானபோது அவர் மூன்றை இரண்டாக்கிக்கொண்டார். தண்ணீர் ஏறி முகம் வீங்கிய பிறகு மறுபடி மூன்றுக்கு வந்தார். "என்ன தம்பி செய்யறது, மெஷின் எல்லாருக்கும் ஒன்னுதான்" என்று என்னிடம் சொன்னார். மெஷினும் ஒன்று, தாதியும் ஒன்று, மையமும் தனியாருடையதுதான். மூவரையும் பிரித்தது அவர்களுக்குப் பின்னால் பொதுப்பணம் நின்றதா இல்லையா என்பது.

ஆகவே சிகிச்சையை நடத்துபவர் யார் என்பதைப் பற்றி எனக்குப் பெரிய பிடிவாதம் கிடையாது. பொதுப்பணம் எந்த நோயாளியின் பின்னால் போகிறது என்பதில்தான் பிடிவாதம். காப்புறுதி அட்டைக்காரருக்கு வரிக் கழிவாகப் போகும் பணம், சொக்சோ இல்லாத அந்தக் குலை வெட்டியின் மூன்றாவது சிகிச்சைக்குப் போயிருக்கலாம். காப்புறுதி அட்டையும் நிலையான புகலிடமன்று. சந்தா ஏற்றத்தைத் தாங்க முடியாமல் மக்கள் குமுறியதால்தான் 2024 டிசம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டு, ஏற்றத்தைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்பச் சொன்னது. அறுபது வயதில் அட்டையைக் கைவிடுகிறவர், நோய் வந்ததும் எங்கே வருவார்? எங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்பார்.

பணத்தைவிடப் பெரிய செலவு ஒன்று இருக்கிறது. அதை வரிப் படிவத்தில் காட்ட முடியாது. எங்கள் தாமானுக்குப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒரு பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் பதவிக்கு யாரும் கை தூக்கவில்லை. வந்திருந்த தாய்மார்களில் பலர் தொழிற்சாலை வேலையிலிருந்து நேரே வந்தவர்கள். தகப்பன்மாரில் லோரி ஓட்டுநர்களும் பாதுகாவலர்களும். கழிப்பறை பழுதைப் பற்றி ஆளுக்கு ஆள் கோபமாகப் பேசினார்கள். அந்தக் கோபத்தை நல்ல மலாயில் கடிதமாக எழுதி, மாவட்டக் கல்வி இலாகாவுக்கு அனுப்பி, பதில் வராவிட்டால் சட்டமன்ற உறுப்பினர் வரை துரத்திப் பிடிக்கத் தெரிந்தவர் யார் என்று பார்த்தால், அப்படிப்பட்டவர்களின் பிள்ளைகள் அந்தப் பள்ளியில் இல்லை. எல்லாரும் தனியார் பள்ளிக்குப் போய்விடவில்லை. பலர் சீனப்பள்ளிக்குப் போனார்கள், சிலர் தேசியப் பள்ளிக்கு. 2012-இல் அனைத்துலகப் பள்ளிகளில் மலேசிய மாணவர்களுக்கு இருந்த 40 விழுக்காட்டு வரம்பை எடுத்த பிறகு, ஈப்போவில் தொழில் செய்யும் நம் வழக்கறிஞர்களும் டாக்டர்களும் அந்தப் பக்கம் போனார்கள். தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு என்ற பதாகையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களில் சிலரே தம் பிள்ளையை வேறு பள்ளியில் விட்டுவிட்டு வருகிறார்கள் என்பது ஊரறிந்த சங்கதி. தன் பிள்ளைக்கு நல்லதைத் தேடும் பெற்றோரை நான் பழிக்க முடியாது. ஆனால் கடிதம் எழுதத் தெரிந்த கடைசிக் குடும்பமும் வெளியேறிய பிறகு அந்தக் கழிப்பறை எத்தனை வருடம் அப்படியே கிடக்கும் என்பதைத் தோட்டத்தில் பிறந்தவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. துரையின் பிள்ளை உட்காராத கொட்டகையை நாங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம்.

தனியார் பள்ளிகளும் தனியார் மருத்துவமனைகளும் இருக்கட்டும் என்றே சொல்கிறேன். ஆனால் அவற்றுக்குப் போகிறவர் தம் சொந்தச் செலவில் போகட்டும். காப்புறுதிக்கும் தனியார் சிகிச்சைக்கும் தரும் வரிக் கழிவை, நடுத்தர வருமானக்காரரை ஒரேயடியாக உலுக்காதபடி, மேல்தட்டு வரி விகிதத்திலிருந்து தொடங்கிப் படிப்படியாக நீக்கலாம். அரசாங்கம் பயிற்றுவித்த நிபுணரை எடுத்துக்கொள்ளும் தனியார் மருத்துவமனை, அந்தப் பயிற்சிச் செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தர வேண்டும், அல்லது அவர் மாதத்தில் சில நாள் எங்கள் ஊர் போன்ற நிபுணரில்லாத மாவட்ட மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்க்க வேண்டும். மந்திரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் பதவியில் இருக்கும்வரை அரசாங்க மருத்துவமனையிலேயே சிகிச்சை பெற வேண்டும் என்று ஒரு விதி வந்தால், அதை எதிர்த்து வாக்களிப்பவர் யார் என்று பார்க்க எனக்கு மிகுந்த ஆவல்.

கழிவை நீக்கினால் அட்டையை விட்டுவிட்டு எல்லாரும் அரசாங்க மருத்துவமனைக்கு வந்துவிடுவார்கள், இருக்கிற கூட்டம் போதாதா என்று அலுவலகத்தில் என் முதலாளி கேட்கிறார். எல்லாரும் வர மாட்டார்கள், ஒரு பகுதியினர் வருவார்கள். முதல் சில வருடங்கள் வரிசை நீளத்தான் செய்யும். அந்தச் சுமையை நான் மறைக்கவில்லை. ஆனால் வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. கருவூலத்துக்குத் திரும்பும் வரிப் பணமும், மூன்று மணி நேரம் காத்திருந்தால் பத்திரிகைக்கு எழுதிப்போடும் பழக்கமும் அவர்களோடு வரும். சட்டம் மாறும்வரை, மார்ச் மாதம் பிளாஸ்டிக் பையோடு வருகிறவர்களுக்கு அந்த 4,000 ரிங்கிட்டை நான் கழித்துத்தான் கொடுப்பேன். அது அவர்களுக்குச் சட்டம் தந்த உரிமை, மாற்ற வேண்டியவர்கள் நாடாளுமன்றத்தில் இருக்கிறார்கள்.